படம் அவர்களிடம், பெயர் நம்மிடம்

காணி வழக்கொன்று மன்றின் முன் வரும்போது முதலில் எழும் வினா, “உறுதி எங்கே?” என்பதாகும். நம் கமக்காரருள் இதனை அறியாதவர் எவருமிலர். பாட்டன் கொத்திய தோட்டம், பரம்பரையாக நீர் இறைத்த கிணறு, அப்பன் கதியால் நட்ட வேலி என்று ஆயிரம் கூறலாம். உறுதி கையில் இல்லையேல் வழக்குத் தள்ளாடும். அதனாலன்றோ, வீடு எரியினும் வெள்ளம் வரினும் உறுதிப் பெட்டியை முதலில் தூக்கிக்கொண்டு ஓடும் வழக்கம் நம்மிடையே உண்டாயிற்று!

தனி மனிதனுக்கு மாத்திரமன்று, சமூகத்துக்கும் உறுதி உண்டு. இன்ன ஊரில், இன்ன கோயிலைச் சூழ்ந்து, இன்ன தேவாலயத்தில் மணியடித்து, இன்ன பள்ளிவாசலில் தொழுது நாம் வாழ்ந்தோம் என்பதற்குச் சான்று வேண்டும். பழங்காலத்துக்குக் கல்வெட்டும் செப்பேடும் ஏட்டுச்சுவடியும் சான்று. ஒல்லாந்தர் காலத்துக்குத் தோம்பு சான்று. கடந்த ஒன்றரை நூற்றாண்டுக்கோ எழுத்தோடு நிழற்படமும் சான்றாகிறது. தேர்த்திருவிழாவிற் கூடிய ஊரவர், முதல் நன்மை பெற்ற சிறுவர் வரிசை, மிஷன் பாடசாலைப் பெண்கள், பள்ளிவாசல் முன்றிலில் நிற்கும் பெரியோர் ஆகிய இவர்களின் படங்கள் வெறும் அலங்காரப் பொருள்களல்ல. அவை நமது சமயச் சமூகங்களின் உறுதிகள்.

1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டம் நம் நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவருகிறது. அதன் 90ஆம் பிரிவு, முப்பது ஆண்டு பழமையுடைய ஆவணமொன்று தகுந்த பொறுப்பிலிருந்து மன்றுக்கு வருமாயின், அதிலுள்ள எழுத்தும் கையொப்பமும் மெய்யென மன்று ஊகித்துக்கொள்ளலாம் என்கிறது. தகுந்த பொறுப்பு யாது? அவ்வாவணம் இயல்பாக இருக்கவேண்டிய இடத்தில், அதனை இயல்பாக வைத்திருக்கவேண்டியவரிடத்தில் இருத்தலே தகுந்த பொறுப்பாகும். சட்டம் பேசுவது உறுதிகளையும் பத்திரங்களையும் பற்றியே. ஆயினும் அந்த வினாவை நம் படங்களைக் குறித்தும் நாம் எழுப்புதல் தகும். நம் முன்னோரின் படங்கள் இயல்பாக இருக்கவேண்டிய இடம் எது? அவை இன்று இருக்கும் இடம் எது?

கடல் கடந்த பெட்டகங்கள்

வெஸ்லியன் மிஷனரிமார் இலங்கைக்கு வந்தது 1814இல். அமெரிக்க மிஷனார் யாழ்ப்பாணத்தில் ஊழியந் தொடங்கியது 1816இல். தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் உடுவிலிலும் மானிப்பாயிலும் அவர்கள் நிறுவிய பாடசாலைகளும் ஆலயங்களும் வைத்தியசாலையும் நம் சரித்திரத்தின் பிரிக்கவொண்ணாப் பகுதிகளாம். வட்டுக்கோட்டைச் செமினரி 1823இலும் உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலை 1824இலும் தோன்றின. “உதயதாரகை” 1841இல் வெளிவந்தது. ஒளிப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839இலேயே ஆதலின், அந்த முதல் தலைமுறையின் முகங்களை நாம் பெரும்பாலும் காணமுடியாது. பின்வந்த தலைமுறைகளையோ காணமுடியும். ஆனால் அதற்கு நாம் கப்பலேறவேண்டும்.

அமெரிக்க மிஷனாரைக் கடல் கடந்து அனுப்பிய சங்கத்தின் கடிதங்களும் அறிக்கைகளும் படங்களும் ஐக்கிய அமெரிக்காவில் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்தில் உள்ளன. மெதடிஸ்த மிஷனரிச் சங்கத்தின் ஏடுகளும் படங்களும் லண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கீழைத்தேய, ஆபிரிக்கக் கல்விக் கல்லூரியின் நூலகத்தில் உள்ளன. நல்லூரிலும் சுண்டிக்குளியிலும் ஊழியஞ் செய்த சேர்ச் மிஷனரிச் சங்கத்தின் ஆவணங்கள் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் உள்ளன. உலகின் பல மிஷன் சங்கங்களின் பழைய படங்களைத் திரட்டி, ஏறத்தாழ 1860 முதல் 1960 வரையிலான நூறாண்டுப் படங்களை எவரும் இணையத்திற் காணும்படி தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழக நூலகம் செய்துள்ளது. தமிழ்நாட்டில் தரங்கம்பாடியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் ஊழியஞ் செய்த லைப்சிக் மிஷனின் படங்களும் அத்தொகுதியில் அடங்கும்.

இதற்காக அந்நூலகங்களை வைதல் நன்றியன்று. ஈரமும் வெப்பமும் புகாத அறைகளில், இலக்கமிட்ட பெட்டிகளில், அவை நம் முன்னோரின் முகங்களைக் காத்து வைத்தன. எடுத்தவர்கள் அவர்கள், பணஞ் செலவிட்டவர்கள் அவர்கள், பேணியவர்களும் அவர்களே. அந்த நன்மையை ஒப்புக்கொண்ட பின்னரே சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தல் முறை.

சாட்சி என்ன சொல்கிறது? யாருக்காகச் சொல்கிறது? மிஷனரியின் படம் பெரும்பாலும் நமக்காக எடுக்கப்பட்டதன்று. தாய்நாட்டிலுள்ள சபையாருக்குக் காட்டி, ஊழியத்துக்குப் பொருள் திரட்டுவதற்காக எடுக்கப்பட்டது. பத்திரிகைகளில் அச்சிட்டும், கண்ணாடித் தகடுகளாக்கி விளக்கொளியில் திரையில் வீழ்த்தியும் அவை காட்டப்பட்டன. ஆகவே பாடசாலை நிறைந்திருக்கும். பிள்ளைகள் சுத்தமாக வரிசையில் நிற்பர். கோயிலோ வெளிவீதியிலிருந்து எடுக்கப்பட்டிருக்கும். உட்புறம் அவர்களுக்கு மூடப்பட்டிருந்தது. அக்காலத்துக் கருவியின் இயல்பும் இதற்கு ஒரு காரணம். பழைய ஈரத்தகட்டு முறையிற் படமெடுக்கப் பல நொடிகள் அசையாதிருத்தல் வேண்டும். அசைந்தவர் புகைபோல் மங்குவர். ஓடுகிற தேரும் ஆடுகிற காவடியும் அக்கருவிக்கு அகப்படா. ஆதலின் அசையாது நிறுத்தப்பட்ட கிறித்தவப் பாடசாலை தெளிவாக விழுந்தது. அசைந்து பொங்கிய சைவத் திருவிழா வெற்று வீதியும் மதிலுமாக விழுந்தது. படத்தை மட்டும் பார்க்கும் அந்நியன், ஒரு சமூகம் உயிருள்ளது, மற்றது உயிரற்றது என்று கருதினால் வியப்பில்லை. படம் பொய் சொல்லவில்லை. ஆனால் முழு உண்மையையும் சொல்லவில்லை.

படத்தின் கீழ் எழுதப்பட்ட குறிப்பே இன்னும் முக்கியமானது. நடுவில் அமர்ந்த போதகரின் பெயர் இருக்கும். அவர் மனைவியின் பெயர் இருக்கும். சுற்றி நிற்கும் நம்மவர்க்கோ பெயர் அரிது. “சுதேச உபதேசியார்”, “வேதப்பெண்”, “பாடசாலைச் சிறுமியர்”, “கோயிற் பூசகர்” என்ற பொதுச் சொற்களே அவர்களுக்குப் பெயராய் நிற்கின்றன. இது ஒரு மிஷனின் குற்றமன்று. ஒரு காலத்தின் பார்வை. இந்தியாவை ஆண்டோர் 1868 முதல் 1875 வரை “இந்திய மக்கள்” எனும் பெயரில் எட்டுத் தொகுதிகளை வெளியிட்டனர். அவற்றில் நானூற்று அறுபதுக்கு மேற்பட்ட படங்கள் உள. 1857இன் கிளர்ச்சிக்குப் பின்னர், தாம் ஆளும் மக்களைச் சாதி வாரியாகவும் சமய வாரியாகவும் வகுத்து அறியும் நோக்கோடு அவை திரட்டப்பட்டன. அப்படங்களில் மனிதர் மனிதராக நிற்கவில்லை. இனங்களின் மாதிரிகளாக நிற்கின்றனர். தோட்டத்து மண்ணின் மாதிரியைப் பொட்டலங் கட்டிப் பரிசோதனைக்கு அனுப்புவோமே, அதுபோல.

நம் நாட்டில் பெயர் பெற்றவர் எவர் என்பதற்கு 1907இல் ஆர்னல்ட் ரைட் பதிப்பித்து வெளியிட்ட பெருநூலொன்று சான்று. “இலங்கை பற்றிய இருபதாம் நூற்றாண்டு மனப்பதிவுகள்” எனும் பொருள்படும் பெயருடைய அந்நூலில் சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் பறங்கியரும் பெயரோடும் குடும்பத்தோடும் மாளிகையோடும் தோன்றுகின்றனர். பொருளுடையோர்க்குப் பெயர் கிடைத்தது. அவர் தோட்டத்தில் நின்ற தொழிலாளிக்குக் கிடைக்கவில்லை. பெயரின்மை வெள்ளையனின் குற்றம் மாத்திரம் என்று நாம் கை கழுவிவிட முடியாது.

நாமே எடுத்த படங்கள்

இவ்விடத்தில் என் தொழிலிற் கண்ட ஒன்றைக் கூறுதல் பொருந்தும். சில ஆண்டுகளுக்கு முன்னர் கோயில் நிருவாகப் பிணக்கொன்றின் பொருட்டு ஒரு முதியவர் பழைய படமொன்றை என்னிடங் கொண்டுவந்தார். தடித்த மட்டையில் ஒட்டிய திருவிழாப் படம். நடுவே கதிரைகள், அவற்றிலே குருக்களும் முகாமைக்காரரும் ஊர்ப் பிரமுகர்களும். பின்னே ஒரு வரிசை. எவர் எந்தக் கதிரையில் இருந்தார் என்பதே வழக்குக்கு வேண்டியிருந்தது. படத்தின் பின்புறத்தில், இடமிருந்து வலமாக, எல்லாப் பெயர்களும் மையினால் அழகாக எழுதப்பட்டிருந்தன. எல்லாப் பெயர்களுமா? படத்தின் ஓரத்தில், மதிலுக்கு அப்பால், மேளத்தோடு இருவரும் தீவட்டியோடு ஒருவரும் நின்றனர். அவர்களுக்குப் பெயரில்லை.

“இவர்கள் யார் ஐயா?” என்று கேட்டேன். முதியவர் நெடுநேரம் படத்தைப் பார்த்தார். “தெரியும் தம்பி. ஒருத்தரும் எழுதேல்லை” என்றார். மேளக்காரர் இருவரின் பெயர்களையும் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். மூன்றாமவர் பெயர் அவர் நினைவுக்கு வரவில்லை. அந்த முதியவர் இன்று இல்லை. கேட்பதற்கு இனி ஆளுமில்லை.

ஹாவார்டிலும் லண்டனிலும் நம்மவர்க்குப் பெயர் எழுதாதவர் அந்நியர். நம் ஊர்க் கோயிற் படத்தில் நம்மவர்க்குப் பெயர் எழுதாதவர் நாமே. முன்னதற்குக் கொதிக்கும் நெஞ்சு பின்னதற்கு நாணவேண்டாமா? ஆலயம் முதலிய பொதுவிடங்களிற் சாதியின் பெயரால் தடை செய்தலைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957இல் இயற்றப்பட்டது. அதன் பின்னரும், 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் உள்நுழைய வந்த நம் சகோதரர்கள் மறிக்கப்பட்டனர். மதிலுக்கு வெளியே அவர்களை நிறுத்திய கையும், படத்தின் பின்புறத்தில் அவர்களின் பெயரை எழுதாது விட்ட கையும் ஒரே கைதான். உரிமை கேட்டு உலகின் முன் நிற்கும் இனம், தன் படத்தின் ஓரத்தில் நிற்பவனுக்கு உரிமை மறுத்தால், அதன் வழக்கு அங்கேயே பழுதுபடும்.

எரிந்தவையும் பறிபோனவையும்

சிலர் கூறுவர்: “அப்படங்களின் மூலப்பிரதிகளைத் திருப்பித் தரும்படி கேட்போம், அவை நம் மண்ணுக்கு உரியவை.” நெஞ்சுக்கு இனிய வாதம் இது. ஆனால் 1981ஆம் ஆண்டை மறந்த வாதம். 1954இல் அடிக்கல் நாட்டி, 1959இல் திறந்து, நம் மக்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த யாழ்ப்பாணப் பொது நூலகம், 1981 மே 31ஆம் நாள் இரவு, மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்குச் சில நாள்களின் முன்னர், பொலிசாராலும் அவர்களோடு கூடிய குண்டர்களாலும் தீக்கிரையாக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. “ஈழநாடு” பத்திரிகைக் காரியாலயமும் அந்நாள்களிலேயே எரிந்தது. ஹூட்டன் நூலகத்துப் பெட்டிகள் அன்றிரவு யாழ்ப்பாணத்தில் இருந்திருப்பின் அவற்றின் கதி என்னவாகியிருக்கும்? கசப்பானதாயினும் இவ்வுண்மையை விழுங்கவே வேண்டும். தகுந்த பொறுப்பு என்பது பாசத்தால் மாத்திரம் ஆவதன்று, பாதுகாப்பாலும் ஆவது.

தீ அரசின் கையிலிருந்து மாத்திரம் வரவில்லை. 1990 ஒக்டோபர் மாத இறுதியில் வடமாகாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள்! யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடு, கடை, பள்ளிவாசல் அனைத்தையும் விட்டு, கையிற் கொண்டுபோகத்தக்க சொற்பத்தோடு அவர்கள் புத்தளத்துக்கும் பிறவிடங்களுக்கும் போயினர். சுவரில் மாட்டிய படங்கள் சுவரிலேயே நின்றன. சோனகதெருவின் ஒரு நூற்றாண்டு வாழ்வை எவர் படங்கொண்டு காட்டுவர்? தமிழ் பேசும் மக்கள் என்று மேடையில் முழங்கும் நாம் இக்கேள்விக்குப் பதில் கூறக் கடமைப்பட்டவர்கள். இதனைச் சொல்லாது 1981ஐ மாத்திரம் சொல்பவன் பாதி உறுதியோடு மன்றுக்கு வருகிறான்.

பின்னர் நேர்ந்தவற்றை நம் வாசகர்கள் தம் உடலில் அறிவர். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் எழுந்து நடந்தது. 2004 மார்கழியில் கடல் வந்து கரையோர வீடுகளைக் கழுவிச் சென்றது. 2009இல் வன்னி மக்கள் முள்ளிவாய்க்காலுக்குள் நெருக்கப்பட்டபோது பெட்டியும் போயிற்று. பெட்டியைத் தூக்கியவரும் போயினர். 1990இல் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்கள் பல்லாண்டு கழித்துத் திரும்பிய இடங்களில், தம் வீடு நின்ற இடத்தையே அடையாளங் காணமுடியாது தடுமாறியதை நாம் கண்ணாற் கண்டோம். வேலியில்லை, கிணறு தூர்ந்திருந்தது, கோயில் கற்குவியலாகக் கிடந்தது. அத்தகைய இடத்தில், முன்னொரு நாள் திருவிழாவில் எடுத்த படமொன்று, பின்னணியில் மதிலும் மடமும் தெரிய நிற்குமாயின், அதன் பெறுமதி யாது? கமக்காரர் சொல்லட்டும்.

மறுப்புரைகள்

“நிலம் விடுபடவில்லை, பிள்ளைகள் எங்கே என்று தெரியவில்லை, இந்நேரத்திற் பழைய படங்களா?” என்று கேட்பார் உளர். நேர்மையான கேள்வி. இதற்கு விடை கூறத் தகுந்தவர்கள் நம் தாய்மாரே. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரத்தில் அமர்ந்த காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் கையில் ஏந்தியது என்ன? படம். அதன் கீழ் எழுதியது என்ன? பெயர். பெயரற்ற படம் ஒரு முகம் மாத்திரம். பெயருள்ள படம் ஒரு வழக்கு. கல்வி கற்ற நம்மிற் பலர் அறியாத சட்டத்தை அத்தாய்மார் தம் கண்ணீராற் கற்றனர்.

“மிஷனரிமார் நம்மை மதம் மாற்ற வந்தவர்கள், அவர்கள் எடுத்த படங்கள் சைவர்களுக்கு எதற்கு?” என்று இன்னொரு சாரார் கேட்பர். எதிர்த்தரப்புச் சாட்சி தன்னை அறியாமலே நமக்குச் சாதகமாகக் கூறும் வார்த்தைக்கு மன்றிலே தனி மதிப்பு உண்டு. பாடசாலைப் பெண்களைக் காட்ட எடுத்த படத்தில், பின்னே பனையோலை வேலி தெரியும். துலாக் கிணறு தெரியும். கோயில் மணிக்கூண்டு தெரியும். நாம் உடுத்த விதமும் அணிந்த அணியும் தெரியும். அவையெல்லாம் சைவருக்கும் உரிய சான்றுகள். அன்றியும், அப்படங்களில் நிற்கும் கிறித்தவர் பிறரா? 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடக்கி, சைவப் பெருமக்கள் மிகுந்த ஓர் இனத்தைத் தம் வாழ்நாள் இறுதிவரை வழிநடத்திய சா. ஜே. வே. செல்வநாயகம் கிறித்தவரே. அவரைத் தந்தை என்று அழைத்த மக்கள், அவருடைய சபையின் படப்பெட்டியை அந்நியமென்று தள்ளுதல் பொருந்துமா?

செய்யவேண்டியது யாது?

படம் அவர்களிடம் இருக்கிறது. பெயர் நம்மிடம் இருக்கிறது. வழக்கின் சாரம் இதுவே. ஹாவார்டின் செல்வமெல்லாம் செலவிட்டாலும் உடுவிற் படத்தில் இரண்டாம் வரிசையில் நிற்கும் சிறுமி யாரென்று அங்குள்ள நூலகர் அறியமுடியாது. இங்கே ஒரு திண்ணையில் அமர்ந்திருக்கும் எண்பது வயதுப் பேத்தி அறியக்கூடும். அவர்களின் பெட்டகத்துக்குக் கால எல்லை இல்லை. நம் பெட்டகத்துக்கு உண்டு. அது அம்முதியோரின் மூச்சு. ஆகவே மூலப்பிரதி எவரிடம் என்ற வாதத்தில் நாளைப் போக்காது, பிரதியை இங்கே வரவழைப்போம்; பெயரை அங்கே அனுப்புவோம்.

முதலாவது, ஒவ்வொரு ஊர் வாசிகசாலையும் சனசமூக நிலையமும் மாதத்தில் ஒரு நாளை இதற்கென ஒதுக்கட்டும். ஊரவர் தம் படங்களைக் கொண்டு வரட்டும். அங்கேயே பிரதியெடுத்து, அந்நேரமே உரியவரிடம் மூலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எவரிடமிருந்தும் படத்தை வாங்கி வைத்தலாகாது. கொப்பி ஒன்றில், படத்தில் இருப்பவர் யார், இடம் எது, ஆண்டு எது, படத்துக்கு உரியவர் யார், பெயர் சொன்னவர் யார், எந்த நாளிற் சொன்னார் என்பவற்றை எழுதுக. சொன்னவரின் பெயர் இன்றியமையாதது. இறந்தவர் தம் வாழ்நாளில் உறவுமுறை பற்றிக் கூறியதைச் சில நிபந்தனைகளோடு சான்றாக ஏற்கும் விதி, சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 32ஆம் பிரிவிலேயே உண்டு.

இரண்டாவது, படத்தின் நடுவிலிருந்து அல்ல, ஓரத்திலிருந்து தொடங்குக. கதிரையில் இருந்தவரின் பெயர் எப்படியும் பிழைக்கும். மேளமடித்தவர், பல்லக்குச் சுமந்தவர், துணி வெளுத்தவர், சமையற் பாத்திரத்தோடு பின்னே நின்ற பெண் ஆகியோரின் பெயரை முதலிற் கேட்போம். அவர் செய்த தொண்டையும் நின்ற இடத்தையும் உள்ளபடி எழுதுக, இழிசொல்லை எழுதாதீர். அவர் குடும்பத்தார் பெயர் வெளியிட விரும்பாராயின் அவ்விருப்பமே மேலானது. இக்காரியத்தைச் செய்யும் குழுவிற் சைவர், கத்தோலிக்கர், புரட்டஸ்தாந்தர், முஸ்லிம்கள் எல்லோரும் இருத்தல் வேண்டும். ஒடுக்கப்பட்ட மக்களும் இருத்தல் வேண்டும். அன்றேல் மீண்டும் கதிரைகளின் பெயரையே எழுதி முடிப்போம்.

மூன்றாவது, புத்தளத்துக்குப் போவோம். வடக்கிலிருந்து சென்ற முஸ்லிம் குடும்பங்கள் காத்து வைத்திருக்கும் படங்கள் எத்தனையாயினும், அவற்றின் பிரதிகளை அவர்களின் அனுமதியோடு கேட்டுப் பெற்று, யாழ்ப்பாணத்து நூலகத்தில் அவர்களின் பெயரோடு வைப்போம். அழையாத வீட்டுக்குப் போகிறோம் என்ற பணிவோடு போகவேண்டும்.

நான்காவது, ஓரிடத்தில் மாத்திரம் எதனையும் வைத்தலாகாது. 1981 கற்பித்த பாடம் இது. ஊர் வாசிகசாலையில் ஒரு பிரதி, பிரதேச சபை நூலகத்தில் ஒரு பிரதி, கடலுக்கு அப்பால் ஒரு பிரதி என மூன்று இருக்கட்டும். 2005இல் தன்னார்வலர்களாற் தொடங்கப்பெற்ற “நூலகம்” எனும் எண்ணிம நூலகமும், படங்களையும் குரற்பதிவுகளையும் சேர்க்கும் அதன் “ஆவணகம்” பகுதியும் இத்துறையில் ஆற்றிவரும் பணி போற்றத்தக்கது. எரிக்கவொண்ணாத நூலகத்தை நம் இளைஞர் கட்டுகின்றனர். அதற்குப் படமும் பெயரும் வழங்குதல் நம் கடன்.

ஐந்தாவது, லண்டனிலும் அமெரிக்காவிலும் வாழும் நம்மவர்க்கு ஒரு வேண்டுகோள். ஊர்க் கோயிற் கோபுரத்துக்குப் பொருள் அனுப்புகிறீர்கள், நன்று. அதனோடு, நீங்கள் வாழும் நகரத்து நூலகத்தின் வாயிலையும் மிதியுங்கள். நம் ஊர்ப் படங்களுக்கு விண்ணப்பித்து, பிரதி பெற்று, ஊருக்கு அனுப்புங்கள். ஊர் திருப்பி அனுப்பும் பெயர்களை அந்நூலகரிடங் கொடுத்து, பதிவைத் திருத்தும்படி எழுத்தில் வேண்டுங்கள். தக்க சான்றோடு வரும் திருத்தத்தை நல்ல நூலகம் வரவேற்கும்.

வீட்டிலுள்ள படங்களைக் காத்தற்குப் பெரும் பொருள் வேண்டியதில்லை. வெயிலும் ஈரமும் படாத இடத்தில், கறையான் ஏறாத உயரத்தில் வைக்க. படத்தின் பின்புறத்தில் எழுதுவதாயின் மென்மையான பென்சிலால் ஓரத்தில் அழுத்தாது எழுதுக. மைப்பேனை ஊறி முகத்தைக் கெடுக்கும். பசையுள்ள தாளில் ஒட்டிய பழைய அல்பங்களிலிருந்து படத்தைப் பிய்த்தெடுக்க முயலாது, இருந்தபடியே பிரதியெடுக்க. கைத்தொலைபேசி இல்லாத வீடு இன்று அரிது. நிழலான இடத்தில், பளிச்சிடும் விளக்கை அணைத்து, நேர்மேலே பிடித்து எடுத்தாற் போதும்.

தமிழ்ப் பெருமக்களே! நாம் இம்மண்ணின் உரிமையாளர் என்று உலகுக்குச் சொல்கிறோம். உறுதியைக் காட்டு என்று உலகம் கேட்கும் நாளில், பெயரறியாத முகங்களின் கட்டொன்றை நீட்டினாற் போதாது. இவர் இன்னார், இவ்வூரார், இன்ன கோயிலின் வீதியில் நின்றவர், இன்ன தேவாலயத்திற் பாடியவர், இன்ன பள்ளிவாசலில் தொழுதவர் என்று ஒவ்வொரு முகத்துக்கும் சொல்லவேண்டும். உறுதி எழுதுவதற்கு நொத்தாரிசு வேண்டும். இதற்கோ ஒரு பென்சிலும் ஒரு கொப்பியும் முதியவரின் அருகே அமரும் பொறுமையும் போதும். இந்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து வேலை முடிந்ததும் பெட்டியைத் திறவுங்கள். படத்தின் ஓரத்தில் நிற்பவர் யாரென்று வீட்டிலுள்ள முதியவரைக் கேளுங்கள்.